கைப்பேசித் தேடலும் கோயிலூர் வணிகமும்: 2010 – 2024

காரைக்காலை ஒட்டிய தருமபுரம், யாழ்மூரிநாதர் கோயில் கொண்ட பாடல் பெற்ற தலம். சனிபகவானைத் தரிசிக்கத் திருநள்ளாறு வருவோர் அருகிலுள்ள இத்தலத்தையும் நாடுவதுண்டு. வெளியூர்க்காரர் தங்கும் அறையையோ வாடகைக் காரையோ பயணத்தின் நடுவில் தேடும்போது கையில் இருப்பது கைப்பேசிதான். அந்தத் தேடலில் எந்தக் கடை முன்னால் வரும் என்பதற்கான விதிகள் பதினைந்தே ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டன.

தமிழ்த் தளங்களுக்கு முதல் தடை எழுத்துருவில் இருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அது இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக் குப்பையே தெரியும், தேடுபொறிக்கும் அப்படியே. எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) பரவிய பிறகே தமிழ்ப் பக்கங்கள் தேடலுக்கு அகப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது. அதே ஆண்டு மே மாதம் இணைய வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட், திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்க வடிவமைப்பை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை பல நிறுவனங்கள் கைப்பேசிக்கெனத் தனித் தளம் நடத்திவந்தன.

கூகுள் கைப்பேசியை நோக்கி மெல்லத்தான் நகர்ந்தது. 2014 நவம்பரில், கைப்பேசிக்கு உகந்த பக்கங்களுக்குத் தேடல் முடிவுகளில் ஓர் அடையாளக் குறிப்பு சேர்த்தது. 2015 ஏப்ரல் 21 முதல் அத்தகுதியை வரிசைப்படுத்தும் காரணிகளில் ஒன்றாக்கியது. அது கைப்பேசித் தேடலை மட்டும், அதிலும் தளத்தை மொத்தமாகப் பார்க்காமல் பக்கம் பக்கமாகவே பாதித்தது. உள்ளடக்கம் பொருத்தமாக இருந்தால் வசதி குறைந்த பக்கமும் மேலே வரலாம் என்று கூகுளே அப்போது சொன்னது. ஆகவே கைப்பேசிக்கு மாற்றினாலே முதலிடம் என்று விற்கப்படும் வாக்குறுதியை நம்ப வேண்டியதில்லை.

என் பார்வையில் உண்மையான திருப்பம் 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதுவரை கூகுள் ஒரு தளத்தின் மேசைக்கணினி வடிவத்தைப் படித்தே மதிப்பிட்டது. இனிக் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கும் என்றது. 2018 மார்ச்சில் நடைமுறை பரவலாகத் தொடங்கி, 2019 ஜூலை முதல் புதிய தளங்களுக்கு இயல்பாயிற்று. ஒரு விடுதியின் கணினிப் பக்கத்தில் அறை வாடகை, முகவரி, வழி எல்லாம் விரிவாக இருக்க, கைப்பேசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கிறது என்று கொள்வோம். கூகுள் கணக்கில் அந்த விடுதிக்கு அவ்வளவுதான் சேதி. கணினியில் தேடுபவருக்கும் அதே மதிப்பீடுதான். இதைப் பலர் இன்னும் உணரவில்லை என்பதே என் கவலை.

இதற்கிடையே, 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்ததும் இந்தியாவில் தரவுக் கட்டணம் சரிந்து, சிற்றூர் வரை இணையம் எட்டியது. 2018 ஜூலையில் கைப்பேசிப் பக்கத்தின் வேகமும் காரணியாயிற்று. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது பிற்பாடு கூகுள் வகுத்த அளவுகளில் ஒன்று. கோபுரப் படத்தைச் சுருக்காமல் முகப்பில் ஏற்றிய தளம், சிக்னல் மங்கிய இடத்தில் இந்த அளவைத் தாண்டிவிடும்.

கைப்பேசியில் திறக்கவே முடியாத தளங்களை 2024 ஜூலை 5க்குப் பின் தேடல் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று கூகுள் அறிவித்தது. தருமபுரத்துக் கடைக்காரர் தன் பக்கத்தைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்னும் கருவியில் இட்டால், தேடுபொறியின் கைப்பேசி உலவி அதை எப்படிக் காண்கிறது என்பதைக் கட்டணமின்றியே பார்க்கலாம்.