குப்பை மேட்டில் ஒரு குழந்தைத் தோட்டம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கண்ட மொழிகள் பல உள. வாழ்வாகிய பொருளுக்கும் இலக்கணம் கண்டது தமிழ் என்று அறிஞர் பெருமக்கள் எடுத்துரைக்க, நம் சங்க மேடைகளில் பன்முறை கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அப்பொருளிலக்கணத்தில் தொல்காப்பியர் முதற்பொருள் எனக் கொண்டவை நிலமும் பொழுதும் ஆகும். அதனையடுத்து மரம், மா, புள், உணவு முதலிய கருப்பொருள்கள் வருகின்றன. மாந்தரின் காதலும் பிரிவும் இவற்றின் நடுவே வைத்தே பேசப்படுகின்றன. நிலத்தை அறியாதவன் தமிழ்ப் பாட்டை முழுதும் அறிந்தவனாகான் என்பதே இதன் கருத்து.

குறிஞ்சிப்பாட்டு எழுந்த வரலாற்றை நோக்குவோம். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவுறுத்தக் கபிலர் அதனைப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. தமிழ் அறியாத ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்க முற்பட்ட புலவர், அவனை மலைச்சாரலுக்கு அழைத்துச் சென்று தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்கிக் கூறுகிறார். மொழிப்பாடமும் இயற்கைப்பாடமும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

இன்று மும்பையில் வாழும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? ஐந்திணையின் பெயர்களைத் தங்குதடையின்றி ஒப்பிப்பார்கள். நெய்தல் யாது, மருதம் யாது என்று கேட்டால் மனப்பாடமாக விடை கூறுவார்கள். ஆனால் அவரைக்கொடி எப்பக்கம் சுற்றி ஏறும் என்பதைக் கண்ணாற் கண்டவர் அவர்களுள் மிகச் சிலரே. பாட்டன் நெல்லைச் சீமையில் ஏர் பிடித்தவர். தந்தை தாராவியில் தோற்பட்டறையிலோ, செம்பூரில் தொழிற்சாலையிலோ, கோட்டைப் பகுதியில் அலுவலகத்திலோ உழைத்தவர். பேரனுக்கோ மண் என்பது காலணியில் ஒட்டும் அழுக்கு. மூன்று தலைமுறைக்குள் நேர்ந்த இவ்விழப்பை நாம் கணக்கில் எழுதுவதில்லை.

மேலைநாட்டிலும் இவ்வாறே சிந்தித்த பெரியார் ஒருவர் இருந்தார். செருமனியில் 1782இல் பிறந்த பிரடெரிக் புரோபல், இளமையில் வனப் பணியாளர் ஒருவரிடம் தொழில் பயின்றவர். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறுவர்க்கென ஒரு நிலையம் அமைத்தார். அதற்கு 1840இல் அவர் சூட்டிய பெயரே கிண்டர்கார்ட்டன். அதன் பொருள் குழந்தைத் தோட்டம். அது வெறும் உவமைப் பெயரன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஒரு சிறு பாத்தியும், அவற்றைச் சூழ எல்லார்க்கும் பொதுவான பாத்திகளும் இருத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த திட்டம். தன் செடிக்கு நீர் வார்க்கும் குழந்தை பொறுப்பைக் கற்கிறது. பொதுப் பாத்தியில் களை பறிக்கும் குழந்தை சமுதாயத்தைக் கற்கிறது. கிண்டர்கார்ட்டன் என்னும் பெயர் இன்று நம் தெருக்கள்தோறும் பலகைகளில் தொங்குகிறது. தோட்டம் மட்டும் எங்கோ தொலைந்துவிட்டது!

இக்கல்வியின் மற்றொரு முன்னோடியான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் பிரம்ம ஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டமையால் ஐரோப்பாவுக்குத் திரும்ப இயலாது, 1946 வரை நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தது. அவ்வாண்டுகளில் சில கோடைக்கானலில் கழிந்தன. மலையும் ஓடையும் செடியும் பூச்சியும் குழந்தைக்குப் பாடநூலாதலை அவர் அங்கே கண்டு தம் கல்விமுறையை விரிவாக்கினார். குறிஞ்சி பூக்கும் மலையிலேயே இது நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் கபிலர் நினைவுக்கு வருகிறார்.

மலையும் வயலும் இல்லாத மும்பையில் இதற்கு வழியுண்டோ என்று சிலர் வினவக்கூடும். இந்நகரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1896இல் கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்தபின், 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்காப் பகுதிகளைக் காற்றோட்டமான சாலைகளோடும் தோட்டங்களோடும் திட்டமிட்டது. ஐந்து தோட்டங்கள் எனப்படும் பூங்காக்கள் அதன் பயனே. மாட்டுங்காவில் குடியேறிய நம்மவர் அந்நிழலை அனுபவித்தனர். சில கல் தொலைவிலுள்ள தாராவிக்கோ அத்தகைய நிழல் வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தது குப்பை மேடு.

மீட்டி ஆற்றின் கரையில், தாராவியை அடுத்து, மாநகரின் குப்பை ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டு வந்தது. 1977இல் அது நிறுத்தப்பட்டது. அம்மேட்டைக் காடாக்கலாம் என்னும் எண்ணத்தை உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை முன்வைக்க, மும்பைப் பெருநகர மண்டல வளர்ச்சி ஆணையம் அப்பணியை மேற்கொண்டது. குப்பையின்மேல் மண் பரப்பினர்; நாற்றுகள் நட்டனர். 1983இல் மரம் நட்டுத் தொடங்கி வைத்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1994இல் அது மகாராட்டிர இயற்கைப் பூங்கா என்னும் பெயரில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்பில் இன்று மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. மழைநீரைச் சேர்த்து வைக்கும் குளம் உண்டு, நாற்றங்கால் உண்டு, மாணவர் குழுக்களுக்கு மரமும் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் காட்டி விளக்குவோரும் உளர்.

முதல் மரத்தை நடச் சாலிம் அலி வந்தது மிகப் பொருத்தமே. 1896இல் மும்பையில் பிறந்த அவர், சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சட் புள்ளி ஒன்று கண்டு வியந்து, அஃது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்த மில்லார்ட் என்னும் பெரியவர் சிறுவனைக் கடிந்து விரட்டவில்லை. பாடம் செய்யப்பட்ட பறவைகளை அறை அறையாகக் காட்டினார், நூல்களும் தந்தார். ஒரு குழந்தையின் ஒரு வினாவுக்கு மூத்தவர் ஒருவர் பொறுமையுடன் விடை தந்தமையால் இந்தியாவுக்குப் பறவையியல் மேதை ஒருவர் கிடைத்தார். நம் வீட்டில் எழும் இத்தகைய வினாக்களுக்கு நாம் என்ன விடை தருகிறோம்?

இப்பூங்காவின் ஓரத்தே மீட்டி ஆறு கடலை நோக்கிச் செல்கிறது. அதன் கரையில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. சேற்றிலிருந்து அவற்றின் மூச்சு வேர்கள் எழுதுகோல்களைப் போல நிமிர்ந்திருக்கும். சங்கப் புலவர் கண்டல் எனப் பாடிய நெய்தல் மரக்கூட்டம் இதுவே. நம் பிள்ளை மனப்பாடம் செய்யும் நெய்தல் திணை, தாராவியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது! 2005ஆம் ஆண்டு சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, இம்மீட்டி ஆறு பெருக்கெடுத்து வீடுகளுக்குள் புகுந்ததை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. ஆற்றின் வழி எது, அலையாத்தியின் பணி யாது என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே அறிவது இந்நகரில் உயிர்காக்கும் கல்வியும் ஆகும்.

ஆகவே நம் சங்கத்தார்க்கும் பெற்றோர்க்கும் சில சொற்கள். ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பு, திங்களுக்கு ஒரு முறையேனும் ஒரு மரநிழலில் நடைபெறட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தன் மரமாகக் கொள்ளட்டும். நாம் அரசு என்பதை மராட்டியர் பிம்பள் என்பர், ஆல் அவர்க்கு வட், அத்தி உம்பர், புளி சிஞ்ச். இரு பெயரையும் அறிந்த பிள்ளைக்குத் தாய்மொழியும் நிலைக்கும். வாழும் மண்ணும் அயலாகாது. இடமில்லை என்று சொல்ல வேண்டா. பழைய தகரப் பெட்டியில் மண் நிரப்பிச் சன்னலோரம் வைத்தால் வெந்தயமும் கீரையும் முளைக்கும். விதையூன்றுவதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். முளைக்கும்வரை காத்திருப்பதும், முளைத்தது வாடினால் ஏன் என்று ஆராய்வதும் அதன் பாடங்கள்.

பிழைப்பை நாடி வந்த நாம் பிறந்த மண்ணை உடன் கொண்டுவர இயலவில்லை. அதன் சொற்களைக் கொண்டுவந்தோம். அச்சொற்கள் வேர்பிடிக்க இங்கும் மண் இருக்கிறது. குப்பை மேடே காடாயிற்று என்றால், ஆர்வமுள்ள குழந்தைகளின் கையில் ஒரு பிடி விதை என்னதான் ஆகாது? வரும் மழைக்காலத்துக்கு முன்னரே தொடங்குவோமாக.