காற்றில் ஆடும் சிற்பம்

திருவாலங்காடு நம் நகரிக்குத் தொலைவான ஊரன்று. அவ்வூரில் கிடைத்து, இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் விளங்கும் நடராசர் செப்புத் திருமேனியைக் கண்டவர்கள், அசையாத உலோகத்தில் ஆட்டத்தைக் காட்டிய நம் சிற்பியின் திறத்தை வியவாதிரார். அந்த உலோகமே மெய்யாக ஆடினால் எப்படியிருக்கும் என்று எண்ணி, அதனை ஆடவும் வைத்தவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் ஆவார்.

1898இல் பென்சில்வேனியாவில் சிற்பியர் குடியில் பிறந்தவர் இவர். பிலடெல்பியா நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் 37 அடி உயர வில்லியம் பென் சிலை, பாட்டனார் கைவண்ணம். தந்தையாரும் சிற்பியே. ஆயினும் இளைஞர் கால்டர் இயந்திரப் பொறியியல் கற்று 1919இல் பட்டம் பெற்றார். கப்பலின் கொதிகலன் அறையிலும் உழைத்தார். ஓவியப் பள்ளியிற் சேர்ந்தது 1923இல்தான். அப்பொறியியற் படிப்பு வீணாயிற்றென்று எவரும் எண்ண வேண்டா.

1926இல் பாரிசு சென்றவர், கம்பி, துணி, தக்கை முதலியவற்றால் சிறியதொரு சர்க்கசு செய்தார். குரங்காட்டி போலத் தாமே தரையில் அமர்ந்து அதனை ஆட்டிக் காட்டுவார். கம்பியை வளைத்தே முகங்களையும் வரைந்தார். 1930இல் மோந்திரியான் என்னும் ஓவியரின் கூடத்தில் வண்ணச் சதுரங்களைக் கண்டு, இவை அசைந்தால் நன்றாயிருக்குமே என்றார். ஓவியர் உடன்படவில்லை! கால்டர் தாமே அம்முயற்சியில் இறங்கினார். முதலில் கைப்பிடியாலும் மோட்டாராலும் இயங்கும் உருவங்களைச் செய்தார். ஒரே ஆட்டம் மீண்டும் மீண்டும் வருவது கண்டு சலித்து, காற்றிடமே அவ்வேலையை ஒப்படைத்தார். 1931இல் மார்செல் துசாம்ப் இவற்றுக்கு 'மொபைல்' என்று பெயரிட்டார். (இன்று நம் சட்டைப்பையிலிருந்து ஓயாது அழைக்கும் கருவிக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது வேடிக்கையே.)

இதன் அமைப்பைத் தறியையும் தராசையும் அறிந்த நம்மவர் எளிதில் உணர்வர். கீழே தொங்க வேண்டிய மிகச் சிறிய தகட்டிலிருந்தே பணியைத் தொடங்குவார். கம்பியின் இரு முனையிலும் தகடு பொருத்தி, எவ்விடத்தில் பிடித்தால் சாயாது நிற்கிறதோ அவ்விடத்தில் வளையமிடுவார். அக்கம்பி முழுவதும் அடுத்த கம்பியின் ஒரு முனைக்குச் சுமையாகும். இவ்வாறு மேல்நோக்கி வளர்ந்து, முடிவில் அனைத்தும் ஒரே கொக்கியில் தொங்கும். பளுவானது தாங்குமிடத்துக்கு அருகிலும், இலேசானது தொலைவிலும் நிற்கும். ஏற்றமிறைத்த நம் முன்னோர் கையாண்ட நெறியும் இதுவே.

எனினும், மொபைல் செய்தவர் என்று மட்டும் கூறி நிறுத்துவது அவருக்கு நீதியாகாது. 1937இல் பாரிசுப் பொருட்காட்சியின் இசுபானிய மண்டபத்தில், பிக்காசோவின் 'குவெர்னிக்கா' ஓவியத்துக்கு எதிரே, நீருக்குப் பதிலாகப் பாதரசம் ஓடும் நீரூற்றை அமைத்தார். உள்நாட்டுப் போரில் முற்றுகையிடப்பட்ட அல்மதேன் பாதரசச் சுரங்கத்தை உலகுக்கு நினைவூட்டவே அது எழுந்தது. காரகாசுப் பல்கலைக்கழக மண்டபத்தின் கூரையில் ஒலியைச் சீர்செய்யும் வண்ண மேகங்கள், கையால் தட்டிச் செய்த ஏறத்தாழ 1,800 அணிகலன்கள், 1974இல் சிகாகோவில் நிறுவிய 53 அடி உயரச் செந்நிற 'பிளமிங்கோ' ஆகியனவும் அவருடையனவே. இது விளையாட்டுப் பொம்மை வேலையன்றோ என்று முகஞ்சுளித்தாரும் உளர். விளையாட்டுத்தான், ஆனால் அதில் ஒரு குன்றிமணி எடை பிசகினாலும் ஆட்டம் நின்றுவிடும்.

இத்தகையவர் நம் நாட்டிலும் தங்கிப் பணிபுரிந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. அகமதாபாத்தின் நெசவாலைக் குடும்பத்தைச் சேர்ந்த கிரா சாராபாய் அம்மையார் அழைக்க, 'பயணச் செலவைத் தாருங்கள்; அங்கேயே சிற்பங்கள் செய்து தருகிறேன்' என்னும் உடன்பாட்டோடு 1955 சனவரியில் துணைவியாருடன் வந்தார். அங்கே ஒன்பது சிற்பங்களும் சில அணிகளும் உருவாயின. ஒன்றன் பெயர் 'கொய்யா'. மற்றொன்றுக்கு ஈழத்தலரிப் பூவின் பெயர்.

இனி ஒரு துயரச் செய்தி. 1958இல் அவர் செய்த 'பிட்சுபர்க்' என்னும் பெரிய மொபைலைச் செல்வர் ஒருவர் வாங்கி, அந்நகர விமான நிலையத்துக்கு வழங்கினார். கருப்பும் வெள்ளையுமாயிருந்த அதற்கு அதிகாரிகள் தம் வட்டாரத்தின் நிறங்களான பச்சையும் பொன்னும் பூசினர். காற்றில் ஆடாதபடி முடுக்கி, மோட்டாரால் சுழற்றினர். எதை வெறுத்து அவர் காற்றிடம் சென்றாரோ, அதையே அதன் தலையில் கட்டினர். கால்டர் முறையிட்டும் பயனில்லை. விற்ற படைப்பின்மீது படைத்தவனுக்கு உரிமையளிக்கும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் 1990இல்தான் பிறந்தது. நம் நாட்டில், டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அவரைக் கேளாமலே பெயர்த்தெடுக்கப்பட்டது. அதனை அவரிடமே ஒப்படைத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தருமாறு டெல்லி உயர்நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

கால்டர் 1976 நவம்பரில் மறைந்தார். அதன் பின்னரே பிட்சுபர்க்கில் பச்சையும் பொன்னும் சுரண்டப்பட்டன, மோட்டார் அகற்றப்பட்டது, சிற்பம் மீண்டும் காற்றில் ஆடத் தொடங்கிற்று.