படம் உருவான வரலாறும் ஆவணப்படச் சான்றும்

ஒரு நூலின் வரலாற்றை ஆராய்வோர் அதன் பாயிரத்தை முதற்கண் நோக்குவர். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, நுதலிய பொருள் முதலியவற்றோடு காலம், களன், காரணம் என்பனவும் பாயிரத்துள் கூறப்படும். ஆயினும் நூல் எழுதுங்கால் நேர்ந்த இடர்களும், அதற்கு உழைத்த பிறரும் அதன்கண் இடம்பெறுதல் அரிது. திரைப்படத் துறையில் இக்குறையை நிறைப்பன, படம் உருவாகும் முறையைக் காட்டும் ஆவணப்படங்களாம். அவற்றை வரலாற்றுச் சான்றாக எத்துணை நம்பலாம் என்பதை இரண்டு படங்கள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, லெஸ் பிளாங்க் இயக்கி 1982இல் வெளிவந்த 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்'. ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், பெரு நாட்டு அமேசான் காட்டில் 'ஃபிட்ஸ்கரால்டோ' என்னும் படத்தை எடுத்த வரலாறு இது. கதைக்கு மூலமான ரப்பர் வணிகர் தம் சிறு கப்பலைப் பகுதி பகுதியாகக் கழற்றியே நிலத்தைக் கடந்தார். ஹெர்சாக்கோ, 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பலை முழுதாகவே மலைமேல் இழுப்பித்தார். 1979 இறுதியில் அகுவாருனா மக்கள் படப்பிடிப்பு முகாமை எரித்தனர். 1981இல் நாயகராக நடித்த ஜேசன் ராபர்ட்ஸ் நோயுற்று நீங்கவே, கிளாஸ் கின்ஸ்கியைக் கொண்டு படம் முதலிலிருந்து எடுக்கப்பட்டது.

இரண்டாவது, 1991இல் வெளிவந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னெஸ்'. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பொலா தம் உடைமைகளை ஈடு வைத்துப் பிலிப்பைன்சில் எடுத்த 'அபோகலிப்ஸ் நவ்' பற்றியது இது. படப்பிடிப்பு 1976 மார்ச்சில் தொடங்கியது. மே மாதப் புயல் அரங்குகளை அழித்தது. 1977 மார்ச்சில் நாயகர் மார்ட்டின் ஷீன் மாரடைப்பால் வீழ்ந்தார். இவற்றை உடனிருந்து படம்பிடித்தவர் இயக்குநரின் மனைவி எலினார் கொப்பொலா. கணவர் அறியாமலே அவர்தம் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவுகளைக் கொண்டு ஃபேக்ஸ் பார், ஜார்ஜ் ஹிக்கன்லூப்பர் என்னும் இருவர் படத்தை அமைத்தனர்.

பிளாங்க், ஹெர்சாக்கை முன்னரே 1980இல் ஒரு குறும்படமாக எடுத்த நண்பர். எனவே, ஒரு சான்று நண்பருடையது, மற்றொன்று மனைவியுடையது. அணுக்கமானவர் கூற்று ஒருதலையாகும் என ஐயுறுதல் இயல்பே. ஆயினும், கப்பலை இழுக்கும் முறை இடர் மிக்கது என்று கருதிய பிரேசில் பொறியாளர் பணியை விட்டு நீங்கியதை நண்பர் மறைத்திலர். தம் படம் தோற்றுவிடும் என்று கணவர் கலங்கியதை மனைவி விலக்கிலர். தமக்கு உரியார்க்குப் பெருமை தாராதவற்றையும் கூறுதலின், இச்சான்றுகள் வலிமை பெறுகின்றன.

காலமும் கருதற்பாலது. பிளாங்கின் படம் மூலப்படம் வெளிவந்த ஆண்டிலேயே வந்தது. எலினாரின் பதிவுகளோ, மூலப்படம் 1979இல் கான் விழாவில் உயர் பரிசைப் பகிர்ந்துகொண்டு புகழ் பெற்றபின்னரே முழுப்படமாயின. வெற்றி அறியப்பட்டபின் கூறப்படும் துன்பம் வெற்றிக்குப் படியாகத் தோன்றும். அக்கலக்கம் நிகழ்ந்தபோது முடிவு எவர்க்கும் தெரியாது என்பதை ஆராய்வோர் மறத்தல் ஆகாது.

இனி, இவ்வகைப் படங்களின் பெருங்குறை ஒன்று உண்டு. வரலாறு இயக்குநரின் துன்பக் கதையாகச் சுருங்கிவிடுகின்றது. கப்பலை இழுத்த பழங்குடி மக்களும், பிலிப்பைன்சில் நடித்த இஃபுகாவோ மக்களும் நம் கண்ணுக்குத் தெரிகின்றனர். அவர்தம் குரல் மிகக் குறைவாகவே செவிக்கு எட்டுகின்றது. பிளாங்க் அவர்தம் முகாம் வாழ்வையும், மரவள்ளிக் கிழங்கை மென்று புளிக்கவைத்து மது ஆக்கும் வழக்கத்தையும் நின்று நோக்குகிறார். அவ்வளவில் அவர் படம் மற்றையதினும் விரிந்தது எனலாம்.

ஆதலின், படம்பிடித்தார் யார், வெளிவந்த காலம் யாது, யார் குரல் விடுபட்டது என்னும் மூன்றையும் வினவிய பின்னரே இவ்வாவணப்படங்களைச் சான்றாகக் கொள்ளல் வேண்டும். அவற்றுள் மூன்றாம் வினாவே முதன்மையானது என்பது எம் துணிபு.