பக்த்சிங்கும் ஹெப்ரோன் எழுப்புதலும்

ஹைதராபாத் முஷீராபாதில், கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸ் பக்கம் இருக்கிறது ஹெப்ரோன். வெளிநாட்டு மிஷன் எதையும் சாராமல் இந்திய மண்ணில் எழுந்த சபை இயக்கம் ஒன்றுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதுவே தலைமையிடம். இயக்கத்தின் நிறுவனர் பக்த்சிங் (1903–2000).

பஞ்சாபின் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பக்த்சிங், மாணவப் பருவத்தில் கையில் கிடைத்த வேதாகமத்தைக் கிழித்தெறிந்தார். தோல் அட்டை நன்றாக இருந்ததால் அதை மட்டும் வைத்துக்கொண்டார். இங்கிலாந்திலும் கனடாவிலும் பொறியியல் படித்தார். 1929இல் வின்னிபெக் நகரில் புதிய ஏற்பாட்டை வாசிக்கத் தொடங்கியவர், 1932இல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார்.

1933இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது பெற்றோர் வந்திருந்தார்கள். குடும்ப மானம் கருதி, புதிய விசுவாசத்தை வெளியில் சொல்லாமல் இருக்கும்படி கேட்டார்கள். மகன் சம்மதிக்கவில்லை. பெற்றோர் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்ததற்கு வேர் இந்த நாளில்தான் இருக்கிறது. கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கிக்கும் முன்பே அதற்குரிய விலையைக் கொடுத்துவிட்ட மனிதர் அவர்.

1937இல், இன்று பாகிஸ்தானில் உள்ள மார்ட்டின்பூரில் அவர் ஊழியத்தால் பெரிய எழுப்புதல் உண்டானது. அடுத்து சென்னை. கூட்டம் திரண்டது, ஆனால் மனந்திரும்பியவர்களை எங்கே சேர்ப்பது, எப்படி வளர்ப்பது என்ற கேள்வி நின்றது. 1941இல் தோழர்கள் சிலருடன் பல்லாவரம் மலைமேல் ஏறி இரவெல்லாம் ஜெபித்தார். அதன்பின் அதே ஆண்டில் தொடங்கியதே ‘யெகோவா ஷம்மா’ சபை. லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தைப் பின்பற்றி, ஆண்டுதோறும் பல நாள் நீளும் ‘பரிசுத்த சபைகூடுதல்’ அங்கே முதன்முதலாக நடந்தது. ஹைதராபாதில் ஹெப்ரோன் உருவானதும் அந்தக் கூடுகைகள் அங்கும் பெருகின.

அந்த நாட்களைக் கிட்ட நின்று பார்த்தால்தான் இயக்கத்தின் உயிர் புரியும். பந்தலில் பாய் விரித்துத் தரையில் ஆராதனை. ஞாயிறு காலை தொடங்கும் துதியும் அப்பம் பிட்குதலும் செய்தியும் முடியப் பிற்பகல் ஆகிவிடும். பிறகு ‘அன்பின் விருந்து’: படித்தவர், கூலி வேலை செய்பவர், எந்தச் சாதியாரானாலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சாப்பாடு. சாதிவாரியாக இருக்கை பிரிந்த தேவாலயங்களைப் பார்த்துப் பழகிய தென்னிந்தியாவில் இது சாதாரணக் காரியம் அல்ல. ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியில் பணம் கேட்கும் வழக்கமும் இல்லை. எந்த முடிவானாலும் முழங்காலில் நின்று ஜெபித்த பிறகே. தலைவர் முதலில் அப்படி வாழ்ந்ததால் சபையாருக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

யூதாவின் எசேக்கியா, யோசியா அரசர்கள் காலத்துச் சீர்திருத்தங்களும் இப்படித்தான் தலைமையிலிருந்து மக்களிடம் இறங்கின. யோசியா இறந்ததும் மக்கள் பழைய வழிக்குத் திரும்பியதையும் வேதாகமம் மறைக்கவில்லை. பக்த்சிங் பார்க்கின்சன் நோயில் தளர்ந்த ஆண்டுகளில் இந்தச் சபைகளுக்குள்ளும் பிளவுகள் தோன்றின. ஒருவர்மேல் இவ்வளவு சாய்ந்த இயக்கத்துக்கு அது கடுமையான சோதனை. ஆனாலும் உள்ளூர் மூப்பர்களின் பொறுப்பில் விடப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான சபைகள் தொடர்ந்து நடந்தன.

2000 செப்டம்பர் 17 அன்று ஹைதராபாதில் பக்த்சிங் காலமானார். திரளான மக்கள் ஊர்வலமாக வர, நாராயண்குடா கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.