சீட்டும் சோதனையும்

பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய, 1968 இல் திருவள்ளூரைச் சுற்றிய சிற்றூர்களில் பேராய்வு தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் சிலருக்கு மருந்தூசி, சிலருக்கு மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்பதை, மத்தியாவைத் திருத்தூதராக்கிய சீட்டுக்குலுக்கலை ஒத்த முறையே முடிவுசெய்தது. பெரியோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த விடை.

ஆகவே, ஆய்வு என்பது சிகிச்சை அன்று, விடைதேடும் முயற்சி. ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டும் என்பது 2019 ஆம் ஆண்டு விதி. ஆரம்பாக்கத்துத் தொழிலாளிக்காக அதனை மொழிபெயர்ப்பவர் 'சோதனை' என்றெழுதினால் போதுமா? செபத்தில் அச்சொல் தீய தூண்டல். மருத்துவமனையில் இரத்தம் எடுப்பது. "பயன் கிட்டாமலும் போகலாம், மறுத்தாலும் உமக்குரிய சிகிச்சை உண்டு" என்று எழுதுவதே நேர்மை. மரியன்னையும் கேள்வி கேட்டு, விளக்கம் பெற்ற பின்னரே இசைந்தார் அன்றோ!