கதவுக்குக் கழிக்காதே

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குப்பத்தில் பாதி வீடுகளுக்கு மண்சுவர், மீதிக்கு ஓலைத் தட்டி. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் ஆயா பழைய செய்தித்தாள் வாங்கிவரச் சொல்வாள். மைதா மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில் துத்தம் கலந்து, உள்சுவர் முழுவதும் தாள் ஒட்டுவாள். உப்புக்காற்றில் பொரியும் மண் சோற்றுத் தட்டில் விழாமல் இருக்க அதுதான் வழி. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதில் பாதி அந்தச் சுவரில்தான்.

கடைக்குப் போகும் முன் ஆயா சாணால் சுவரை அளப்பாள். விரித்த தாள் ஏறக்குறைய மூன்று சாண் அகலம். ஒரு வரிசைக்கு எத்தனை தாள், மேலே எத்தனை வரிசை என்று விரல்விட்டு எண்ணுவாள். பாதித் தாள் தேவைப்பட்டாலும் முழுத் தாளாகவே கணக்கு. ஒருமுறை நான், "ஆயா, கதவு இருக்கிற இடத்துக்குத் தாள் வேணாமே" என்றேன். "கதவுக்குக் கழிக்காதடா. கிழியறதுக்கு அது இருக்கட்டும்" என்றாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அறுபது ஆண்டுகள் கழித்து அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. சென்னையில் மகள் வீட்டில் ஓர் அறைக்குச் சுவர்த்தாள் ஒட்ட முடிவு செய்தார்கள். "எத்தனை ரோல் வாங்கணும்ப்பா?" என்று மகள் கேட்டாள். கணக்குப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் அல்லவா, காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி. சுற்றளவு 44 அடி. சுவர்ப் பரப்பு 396 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 359. வழக்கமான ரோல் ஒன்று 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம். அதாவது சுமார் 57 சதுர அடி. வகுத்தால் ஆறே கால் சொச்சம். ஏழு ரோல் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒட்டும் பையன் மூன்றாம் சுவர் முடியும் முன்பே, "சார், தாள் பத்தாது" என்றான். நான் பரப்பைக் கணக்கிட்டேன். தாள் சுவரில் பரப்பாக அல்ல, பட்டையாக ஏறுகிறது. 33 அடி ரோலில் ஒன்பதே கால் அடிக்குச் சற்றுக் கூடுதலான பட்டை மூன்றுதான் வெட்டலாம். மிஞ்சும் ஐந்தடித் துண்டு கதவுக்கு மேலும் ஜன்னலுக்குக் கீழும்தான் உதவும். கதவின் அகலம் போக 41 அடிச் சுற்றுக்கு 24 பட்டை வேண்டும். ஏழு ரோலில் கிடைத்தது 21. கடைக்கு ஓடினோம். அதே பூ, அதே பெயர் இருந்தது. ஆனால் ரோலில் அச்சிட்டிருந்த தொகுதி எண் வேறு. நிறம் ஒரு சாயல் மங்கல். அந்த மூன்று பட்டைகளும் இன்று பீரோவுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஆயா சொன்னபடி கதவைக் கழிக்காமல் எண்ணியிருந்தால் 26 பட்டை, ஒன்பது ரோல் வந்திருக்கும். எட்டு ஒட்டி, ஒன்று கையில் மிஞ்சியிருக்கும்.

ஊருக்குத் திரும்பியபின், கோட்டை மேட்டுப் பக்கம் நடக்கும்போது இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் ஐரோப்பாவில் சுவர்த்தாள் பரவலாகும் முன், வசதியுள்ளவர் சில அறைகளின் சுவருக்குத் துணிதான் அடித்தார்கள். அந்தத் துணியில் பெயர் பெற்றது நம் சோழமண்டலக் கரையின் சீட்டி.

1516 வாக்கிலேயே போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா, பழவேற்காட்டில் ஏராளமாகச் செய்யப்படும் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் போயின. அந்த வாணிபத்துக்காகத்தான் டச்சுக்காரர்கள் இங்கே வந்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டையை முடித்தார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் நம் ஊர்தான். இன்று அங்கே முட்புதரும் அகழியும் மிச்சம்.

1663 செப்டம்பர் 5 அன்று, லண்டனில் கடற்படை அலுவலக அதிகாரியான சாமுவேல் பீப்ஸ், மனைவியின் படிப்பறைச் சுவருக்கு அடிப்பதற்காக இந்தியச் சீட்டி வாங்கியதாகத் தன் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். அவரும் என்னைப்போல அளவெடுத்துத்தான் வாங்கியிருப்பார்.

என் மகளின் அறையையே துணியில் கணக்கிட்டுப் பார்த்தேன். சாலம்பூர் என்ற வகைத் துணி சுமார் 16 கஜ நீளம், ஒரு கஜ அகலம். 44 அடிச் சுற்றுக்கு 15 பட்டை. ஒவ்வொன்றும் மூன்று கஜம். ஒரு துணியில் ஐந்து பட்டை வெட்டலாம். ஆக மூன்று துணி. ஒவ்வொன்றிலும் ஒரு கஜம் மிஞ்சும். அழகான கணக்கு. ஆனால் துணி அரை முழம் குறைந்து வந்தாலும் பட்டைக்கு இரண்டு விரற்கடை போய்விடும். ஒரு முழம் குறைந்தால் மடித்து ஆணியடிக்க விட்ட மிச்சத்தில் பாதி காலி.

குறையாமல் வருவது எளிதா? நெய்த துணியைக் கஞ்சி போக வெளுப்பார்கள். கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டுவார்கள். படிகாரமும் இரும்புச் சாறும் கொண்டு கலத்தால் கோடு எழுதி, சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்துச் சிவப்பு ஏற்றுவார்கள். நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சலவை, ஒரு வெயில். பருத்தி சுருங்காமல் என்ன செய்யும்? அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் நெசவாளி பாவு ஓட்டவேண்டும்.

கம்பெனி வணிகர் மூலம் முன்பணம் கொடுத்து வைத்திருக்கும். துணி வந்ததும் மாதிரித் துணியோடு வைத்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். நீளம், அகலம், நெசவு எதில் குறைந்தாலும் விலை குறையும், அல்லது துணி திரும்பி வரும். வாங்கிய முன்பணமோ கடனாக நிற்கும். ஐரோப்பாவிலிருந்து கப்பல் வர ஒரு வழிக்கே ஏழெட்டு மாதம். "இன்னொரு ரோல் கொடுங்க" என்று யாரும் ஓடிவர முடியாது. அதனால் அளவுச் சுமை முழுவதும், அந்த அறையைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு தறிக்குழியில் வந்து இறங்கியது.

இந்தத் துணி மீது அங்கே மோகம் கூடியபோது அவர்களுடைய நெசவாளிகளும் கொதித்தார்கள். 1719இல் லண்டனில் சீட்டி உடுத்திய பெண்களைத் தாக்கும் அளவுக்குக் கலகம் நடந்தது. பிரான்ஸ் 1686இலேயே தடை விதித்திருந்தது. இங்கிலாந்து 1721இல் உடைக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் சீட்டி கூடாது என்று சட்டம் போட்டது. அந்தக் காலத்தில் சுவரில் காகிதம் பரவிக்கொண்டிருந்தது. 1712இலேயே ஒரு சதுர கஜத்துக்கு ஒரு பென்னி என்று சுவர்த்தாளுக்கு வரி போடும் அளவுக்கு வியாபாரம் இருந்தது. சுவர்த்தாளில் அச்சடித்த பூக்களில் பல நம் சீட்டியைப் பார்த்துப் போட்டவைதான். அன்றைய ஆங்கிலேயத் தாள் 21 அங்குல அகலம். இன்றைய 53 சென்டிமீட்டரும் அதுதான்.

ஆக, மகள் வீட்டுச் சுவரில் ஏறியிருக்கும் கொடியும் பூவும் நம் கரைக்குத் தூரத்து உறவு. மலேசியாவில் இன்றும் கட்டம்போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அதில் ஊர்ப் பெயராவது நிலைத்தது. நெய்தவர், எழுதியவர், வெளுத்தவர் பெயர் எதுவும் நிலைக்கவில்லை.

வீட்டில் யாராவது சுவர்த்தாள் ஒட்டப் போவதாகச் சொன்னால், பரப்பைப் பெருக்கி வகுக்காதீர்கள். பட்டையை எண்ணுங்கள். பாதியை முழுசாக்குங்கள். எல்லா ரோலும் ஒரே தொகுதி எண்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

கதவுக்கு மட்டும் கழிக்காதீர்கள்.