நடுச்சாமப் பூசையும் எங்கள் வீட்டுக் கடிகாரமும்

நமது பங்கின் ஜூபிலி மலருக்கு, "அந்தக் காலத்துக் கிறிஸ்மஸ் எப்படி இருந்தது என்று எழுதித் தாருங்கள்" என மலர்க் குழுவினர் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் நாங்கள் இருவர்: ஓர் அக்காளும் ஒரு தம்பியும். இருவருக்கும் எண்பது கடந்துவிட்டது. ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுக்க, இருவருமாய்ச் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

இந்நாள் பிள்ளைகள் கிறிஸ்மஸ் என்றால் கேக்கையும் புத்தாடையையும் நினைக்கிறார்கள். அதில் தவறில்லை; நாங்களும் அவற்றையே நினைத்தோம். ஆனால் எங்கள் காலத்தில் அத்திருநாள் பசியில் தொடங்கியது. அந்தப் பசிக்கும் ஒரு வரலாறு உண்டு.

கர்த்தர் பிறந்த திருநாளன்று குருவானவர் மூன்று பூசை வைக்கும் வழக்கம் மிகப் பழையது. பெரிய கிரகோரியார் என்னும் பாப்பானவர் 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆற்றிய பிரசங்கம் ஒன்றிலேயே அந்த மூன்று பூசைகளையும் குறிப்பிடுகிறார். அவற்றில் நடுச்சாமப் பூசை உரோமாபுரியில் அர்ச். மரியம்மாள் பேராலயத்தில் 5-ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகச் சொல்வார்கள். பனிமய மாதா வரலாறு எந்தக் கோயிலைப் பற்றியதோ அதே கோயில்தான் அது. தூத்துக்குடியில் 1713-இல் எழும்பி, 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட நம் மாதா கோயிலும் அதே பெயரைத் தாங்கி நிற்கிறது. நமது கடற்கரையில் நள்ளிரவு மணி அடிக்கும்போதெல்லாம் உரோமையின் அந்த மணிக்கும் நமக்கும் ஒரு சொந்தம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றும்.

குடிலின் கதை நீங்கள் அறிந்ததே. 1223-ஆம் ஆண்டு அசிசி நகர் பிரான்சிஸ்கு ஐந்து காயத்தார், கிரேச்சியோ என்ற சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் கொண்டாடினார். எங்கள் வீட்டுக் குடிலுக்குப் பனையோலைக் கூரை. தரைக்குக் கடல் மணல். புல் வேண்டுமே! பத்து நாள் முன்னதாகவே சிரட்டைகளில் மண் போட்டுக் கேழ்வரகு தூவி, ஈரச் சாக்கால் மூடி வைப்போம். மழைக்காலமாதலால் சில ஆண்டு விதை அழுகிப் போகும். அப்போது பக்கத்து வீட்டில் ஒரு சிரட்டை இரவல் கேட்க வேண்டும். அது பெரிய அவமானம். நட்சத்திரம் செய்வது அப்பா வேலை. மூங்கிலைச் சீவி, நூலால் கட்டி, வர்ணத் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டுவார். உள்ளே ஒரு சிறு எண்ணெய் விளக்கு. காற்று வேகமாக அடித்தால் நட்சத்திரமே எரிந்து போவதும் உண்டு. ஊருக்கு மின்சாரம் வந்த பிறகு அந்தப் பயம் போயிற்று.

இனி பசிக்கு வருகிறோம். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, கிறிஸ்மசுக்கு முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்க வேண்டிய நாள். ஒருசந்தி 21 வயது நிறைந்தவர்களுக்கு. சுத்தபோசனம் 7 வயது நிறைந்தவர்களுக்கு. ஆகவே பிள்ளைகள் பட்டினி கிடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது; அதை இயற்றியவர் பாட்டி. மத்தியானம் கஞ்சி, துவையல். இரவில் கருப்பட்டிக் காப்பி. அவ்வளவே.

இதில் கொடுமை என்னவென்றால், பலகாரம் எல்லாம் முந்திய வாரமே சுட்டு முடிந்திருக்கும். அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. வறுத்த பாசிப்பயற்றை இடித்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்தெடுக்கும் அந்த முந்திரிக்கொத்தின் வாசம் பிஸ்கட் டின்னை மூடி வைத்தாலும் அடங்காது. டின் அடுக்களைப் பரணில் இருக்கும். "பாலன் பிறக்கட்டும்" என்பாள் அம்மா. பாலன் பிறந்து, பூசை முடிந்து, வீட்டுக்கு வந்து, தோசையும் கறியும் தின்ற பிறகே டின் திறக்கும்.

ஒருசந்திச் சட்டம் இருக்க, நன்மை வாங்குவோருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. நடுச்சாமம் முதல் ஒன்றும் உண்ணக்கூடாது. ஒரு துளித் தண்ணீரும் ஆகாது. நாங்கள் உபதேசியாரிடம் கற்ற முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. பல் துலக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விட்டதோ என்று பயந்து நன்மை வாங்காமல் இருந்துவிட்டவர்களை நாங்கள் அறிவோம். நடுச்சாமப் பூசைக்கு இந்தச் சட்டம் உண்மையில் மிக இலேசானது. பன்னிரண்டுக்குச் சற்று முன்வரை உண்டாலும் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் பாட்டியிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்ல எவருக்குத் துணிவு இருந்தது?

1950-ஆம் ஆண்டு வந்தது. எங்களில் மூத்தவளுக்கு அப்போது 10 வயது, இளையவனுக்கு 8. அவன் அந்த ஆண்டுதான் புதுநன்மை வாங்கியிருந்தான். நன்மை வாங்கப்போகும் அவனுடைய முதல் கிறிஸ்மஸ் அது. முந்திய நாள் மாலையே பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. இரவு பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம். அங்கே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அம்மா மடியில் கைக்குழந்தை. அதற்குக் குளிர் தாங்கவில்லை. "ஓடிப்போய்க் கம்பளியை எடுத்து வாருங்கள், பூசை தொடங்குமுன் வந்துவிட வேண்டும்" என்று எங்கள் இருவரையும் அனுப்பினாள்.

வீடு கோயிலுக்கு அருகிலேயே. அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டுக் கம்பளியைத் தேடி எடுப்பதற்குள் கூடத்துச் சுவர்க் கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. அப்பா கொழும்பில் கடை வேலை பார்த்த நாளில் வாங்கி வந்த கடிகாரம். நின்று எண்ணினோம். பன்னிரண்டு. மூத்தவள் விளக்கோடு வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது இளையவனைக் காணோம். அவன் அடுக்களையில் முக்காலி மேல் நின்றிருந்தான். டின் திறந்திருந்தது. முந்திரிக்கொத்தில் பாதி அவன் வாயில், மீதி கையில். கடித்த பிறகே அவனுக்கு நினைவு வந்தது. முகம் கோணி அழத் தொடங்கினான். மூத்தவள் அவன் கையிலிருந்த மீதியை வாங்கித் தன் வாயில் போட்டு விழுங்கினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று இதை எழுதும் இன்றுகூடக் கேட்டாயிற்று, "பசித்தது" என்கிறாள்.

ஓடினோம். கோயிலில் பூசை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. சாமியார் இன்று பிந்திவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டோம். பிறகு பூசை தொடங்கிற்று. குளோரியா பாடும்போது எல்லா மணிகளும் முழங்கின. குடிலின் திரை விலகிற்று. ஆண்டுதோறும் நாங்கள் காத்திருந்த நொடி அதுவே. அன்று எங்களுக்கு அது காதில் விழவில்லை.

நன்மை நேரம். ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். வரிசை வரிசையாக எழுந்து கிராதியண்டை போய் முழந்தாளிட்டார்கள். நாங்கள் இரு பக்கத்திலும் ஆளுக்கு ஓர் இடத்தில் எழுந்திருக்காமல் இருந்தோம். பக்கத்துப் பிள்ளைகள் முழங்கையால் இடித்தார்கள். அம்மா நன்மை வாங்கிக் கைகூப்பித் திரும்பி வரும்போது முதலில் ஒருத்தியைப் பார்த்தாள். பின் எதிர்ப்பக்கம் மற்றவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்களால் எழுத முடியவில்லை. பூசை முடிந்ததும் பாலன் சுரூபத்தை முத்தி செய்ய எல்லாரும் போனார்கள். நாங்கள் போகலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது? கடைசி ஆட்களாகப் போனோம்.

வீட்டுக்கு வந்து, அம்மா எங்களைப் புறவாசலுக்கு அழைத்துக் கேட்டாள். "பன்னிரண்டு அடித்த பிறகு தின்றுவிட்டோம்" என்றோம். வேறொன்றும் சொல்லவில்லை. விடியற்காலைப் பூசைக்கும் பகல் பூசைக்கும் போனாலும் இனி அன்று நன்மை இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அடிக்கவில்லை. "அப்பாவிடமும் பாட்டியிடமும் சொல்லவேண்டாம்" என்றாள். முதல் தோசையை எங்களுக்கே போட்டாள். அடுத்த ஆண்டு முதல் டின்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதன்பின் சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின. 1953 ஜனவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் குடிப்பதால் நன்மைக்குத் தடையில்லை என்று அறிவித்தார். இருமலால் அவதிப்பட்ட பாட்டிக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் அவள், "சாமியார் குடிக்கச் சொன்னாலும் என் தொண்டை கேட்கமாட்டேங்குது" என்று ஓராண்டு வரை குடிக்கவே இல்லை. 1957-இல் நடுச்சாமக் கணக்கே எடுபட்டு, உணவுக்கு மூன்று மணி நேரம் என்றாயிற்று. 1959-இல் 23-ஆம் அருளப்பர், கிறிஸ்மஸ் ஒருசந்தியை ஒரு நாள் முன்னதாக, டிசம்பர் 23-இலேயே அனுசரிக்கலாம் என்று அனுமதித்தார். 1964-இல் 6-ஆம் சின்னப்பர் அந்த மூன்று மணியை ஒரு மணியாகக் குறைத்தார். 1966-இல் முந்திய நாள் ஒருசந்திக் கடமையும் நீங்கிற்று. இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. இவற்றையெல்லாம் நாங்கள் குறை சொல்லவில்லை. தாகத்தோடு பூசை கண்ட முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் பார்த்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள். ஆயினும் பசித்த வயிற்றோடு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த மாலை நேரம் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்காததில் எங்களுக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு.

1978-இல் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். குருமடத்தில் சில ஆண்டு படித்துத் திரும்பிய உறவினர் ஒருவர், 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 33-ஆம் பிரிவை எங்களுக்குப் படித்துக் காட்டினார். நன்மைக்கு உபவாசம் இருப்பவர், அரசாங்கக் கடிகாரத்தையும் பின்பற்றலாம். அந்தந்த ஊரின் சூரியக் கணக்கு நேரத்தையும் பின்பற்றலாம் என்று அதில் இருக்கிறது. 1906 முதல் நாம் பின்பற்றும் இந்திய நேரம் கிழக்கே 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுவது. தூத்துக்குடி ஏறக்குறைய 78 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே கடிகாரம் பன்னிரண்டு அடித்தபின்னும், நம் ஊரின் மெய்யான நடுச்சாமத்துக்கு ஏறக்குறைய 17 நிமிடம் பாக்கி இருக்கிறது. அன்று நாங்கள் தின்றது அதற்குள்தான். அப்படியானால் நாங்கள் உபவாசத்தை மீறவே இல்லை!

அன்றே அம்மாவிடம் ஓடினோம். அப்பாவும் பாட்டியும் அப்போது இல்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டத்தையும் பாகையையும் நிமிடத்தையும் நாங்கள் மாறி மாறி விளக்கினோம். கடைசிவரை கேட்டாள். பிறகு, "எந்தக் கடிகாரம் அடிச்சுது? கோயில் மணியா?" என்றாள்.

"இல்லை, நம்ம வீட்டுச் சுவர்க் கடிகாரம்."

"அட பாவிகளா! அத ஒங்க அப்பா எப்பவும் பத்து நிமிசம் கூட்டியில்லா வச்சிருந்தாக, பூசைக்குப் பிந்தக் கூடாதுன்னு. அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

அன்று எந்தக் கடிகாரம் என்று நாங்கள் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. செபமாலையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகு நேரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், எங்களுக்குக் காப்பி போட்டாள்.